41 வயதில் கம்பஸ்: செப்டம்பரில் பிடித்த தடிமன் இன்னும் விடவில்லை

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது லண்டன், ஹரோ பக்கம். கம்பஸ் போகத் தகுதி தருகிற ஆக்சஸ் கோர்ஸ் முடித்து, இந்த செப்டம்பரில் நர்சிங் டிகிரி தொடங்கினேன். வயது 41. பிள்ளைகள் இரண்டு பேர். சின்னவன் இந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் ரிசெப்ஷன் என்ற முதல் வகுப்புக்குப் போனான். மனுசனுக்கு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே தொண்டை நோ. பிறகு தடிமன், அது முழுதாகப் போக முன் இருமல், இருமல் அடங்கும்போது சின்னவன் பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றோட்டத்தைக் கொண்டுவந்தான். அது முடிய மறுபடி தடிமன். இப்போது நவம்பர் முடியப் போகிறது. ஒரு கிழமை முழுதாகச் சுகமாக இருந்த ஞாபகம் இல்லை. கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறேன், வேது பிடிக்கிறேன், பெரிதாக மாற்றம் இல்லை.

முன்பு பல வருடம் வீட்டிலிருந்தபடி கணக்கு வேலை செய்தவள். அப்போது வருடத்தில் ஒரு தடவை தடிமன் வந்தால் பெரிய விஷயம். என்னோடு படிக்கிற 18, 19 வயதுப் பிள்ளைகளும் இருமுகிறார்கள்தான். ஆனால் நாலு நாளில் எழும்பி பார்ட்டிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இழுக்கிறது?

ஜனவரியில் முதல் பிளேஸ்மென்ட், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சி, வருகிறது. இந்த உடம்போடு வார்டில் 12 மணிநேரம் நிற்க முடியுமா என்று பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். வயது போன பிறகு படிக்கத் தொடங்கிய யாருக்காவது இப்படி நடந்ததா? எப்படிச் சமாளித்தீர்கள்?

வடைக்கடை எழுதியது:

இதற்கு இங்கே பெயரே இருக்கிறது அக்கா, ஃப்ரெஷர்ஸ் ஃப்ளூ, புது மாணவர் காய்ச்சல். பெயரில்தான் ஃப்ளூ, பெரும்பாலும் சாதாரணச் சளிதான். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் அவரவர் ஊர் வைரஸை எடுத்துக்கொண்டு வந்து, ஜன்னல் திறக்காத ஒரே லெக்சர் ஹாலில் உட்கார்ந்தால் வேறென்ன நடக்கும்? நீங்கள் கூடுதலாக ரிசெப்ஷன் பையன் ஒருவனையும் வீட்டில் வைத்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் சப்ளை.

மூன்றாம்வருடம் எழுதியது:

அக்கா, நானும் நர்சிங்தான், மூன்றாம் வருடம். தொடங்கும்போது எனக்கு 38. முதல் டேர்ம் முழுக்க உங்கள் கதைதான் என் கதையும்.

ரைனோவைரஸ் மட்டுமே 150 வகைக்கு மேல் இருக்கிறது. ஒன்று வந்து போனால் அந்த ஒன்றுக்குத்தான் கொஞ்சம் எதிர்ப்பு வரும், அடுத்ததற்கு வராது. அதனால் உங்களுக்கு ஒரே தடிமன் மூன்று மாதமாக இழுக்கவில்லை. ஒன்று முடிய முன் அடுத்தது ஏறி உட்காருகிறது. வீட்டிலிருந்து வேலை செய்த வருடங்களில் இவை உங்களைத் தேடி வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் நன்றாகக் குறைந்தது.

பிளேஸ்மென்ட் பற்றிப் பயப்படாதீர்கள், ஆனால் கணக்கைத் தெரிந்து வையுங்கள். நர்சிங் பதிவுக்கு மொத்தம் 4,600 மணிநேரம் வேண்டும். பாதி வகுப்பு, பாதி பிரக்டிஸ். வருத்தம், காய்ச்சல் என்று விடுபட்ட மணிநேரம் மன்னிக்கப்படாது, பின்னர் செய்து ஈடுகட்ட வேண்டும். இதைக் கேட்டதும் எல்லோரும் செய்கிற வேலை, காய்ச்சலோடு வார்டுக்குப் போவது. போகாதீர்கள். மூன்று வருடத்தில் அந்த மணிநேரத்தைப் பிடிக்க இடம் இருக்கிறது. என் பாட்சில் ஒருத்தி கோடை விடுமுறையில் இரண்டு கிழமை கூடுதலாகச் செய்து சரிக்கட்டிவிட்டாள்.

வாந்தி, வயிற்றோட்டம் என்றால் பேச்சே இல்லை. கடைசியாகப் போனதிலிருந்து 48 மணிநேரம் கழியும்வரை வார்டுப் பக்கம் போகக்கூடாது. நமக்கு ஒரு நாள் அவஸ்தை. முதியோர் வார்டில் அது பரவினால் வார்டையே மூடுவார்கள்.

வராத அன்று ஷிஃப்ட் தொடங்க முன் வார்டுக்கும் ஃபோன் பண்ண வேண்டும், கம்பஸ் சொன்ன இடத்துக்கும் அறிவிக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் ‘சொல்லாமல் வராதவர்’ என்று பதிவாகும். இரவே இரண்டு நம்பரையும் ஃபோனில் சேமித்து வையுங்கள். காலை ஐந்தரைக்கு, தலையிடியோடு, கம்பஸ் இணையத்தளத்தில் அந்த நம்பரைத் தேடிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று விளங்கும்.

வேலைக்கு உடல் தகுதி பார்க்கிற ஆக்குப்பேஷனல் ஹெல்த் பிரிவில் இரத்தம் எடுத்தார்களா? நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. வெப்ப நாடுகளில் அம்மாள் வருத்தம் (சிக்கன் பொக்ஸ்) சின்ன வயதில் எல்லோருக்கும் வந்து முடிந்துவிடுவதில்லை. பெரியவர்களான பிறகும் எதிர்ப்பு இல்லாமல் பலர் இருக்கிறார்கள். எனக்கு வந்ததாக அம்மா சத்தியம் பண்ணினார், டெஸ்டில் இல்லை என்று வந்தது. ஊசி இரண்டு போட்டார்கள். ஃப்ளூ ஊசியையும் கேளுங்கள். நோயாளிகளோடு வேலை செய்கிற மாணவர் என்ற முறையில் உங்களுக்கு அது இலவசம்.

சாரல் எழுதியது:

நான் கோவென்ட்ரியில் பகுதிநேர எம்ஏ, வயது 46. என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். எனக்குச் சளி பிடித்ததும் அவர் தீர்ப்பு: தலைக்குக் குளித்து, ஈரத்தோடு பஸ் ஏறினால் வராமல் என்ன செய்யும்?

அவருக்காகவே தேடிப் படித்தேன். சாலிஸ்பரியில் 1946இலிருந்து 1989 வரை சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இருந்திருக்கிறது. சும்மா பத்து நாள் வந்து தங்குங்கள், சாப்பாடு உண்டு, கைச்செலவுக்குக் காசு உண்டு, மூக்கில் வைரஸ் சொட்டு விடுவோம் என்று ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போட்டி போட்டுப் போயிருக்கிறார்கள்! அங்கே சிலரை வெந்நீரில் குளிக்கவைத்து, ஈரம் துடைக்காமல் காற்றடிக்கும் நடையில் நிற்கவைத்தும் பார்த்தார்கள். குளிர்ந்ததால் கூடுதலாகச் சளி பிடிக்கவில்லை. மாமியாரிடம் சொன்னேன். “அவங்களுக்கு என்ன தெரியும்” என்றார்.

வடைக்கடை எழுதியது:

மாமியாரை அவ்வளவு சீக்கிரம் தோற்கடிக்க முடியாது. 2005இல் கார்டிஃபில் 90 பேரின் காலை 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு 90 பேர் காலை வெறும் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அடுத்த சில நாட்களில் தண்ணீர் ஆட்களில் 13 பேர் சளி என்றார்கள், சும்மா இருந்தவர்களில் 5 பேர். மூக்கில் ஏற்கெனவே பதுங்கியிருந்த வைரஸுக்குக் குளிர் வழிவிடுகிறது என்பது அவர்கள் ஊகம். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பார்மசி அண்ணாச்சி எழுதியது:

லெஸ்டரில் மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலி. பெரியவர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று சளி சாதாரணம். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் அதற்கு மேலும் வரும். அதனால் சளியின் எண்ணிக்கையைப் பார்த்து நான் பயப்படமாட்டேன். ‘எனக்கு மட்டும் ஏன் இழுக்கிறது’ என்று கேட்டீர்களே, அதைத்தான் கவனிக்கிறேன் தங்கச்சி.

40 வயதுப் பெண், தீராத அசதி என்றால் ஜீபியிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம், இரத்தப் பரிசோதனை கேளுங்கள். முழு இரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, பி12, சர்க்கரைக்கான ஹெச்பிஏ1சி. நம் ஆட்களுக்குச் சர்க்கரை சீக்கிரமே எட்டிப்பார்க்கும், அதனால் கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினால் ஃபெரிட்டின் எவ்வளவு என்று திரும்பக் கேளுங்கள். இரும்புச் சேமிப்பு வற்றிய பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அதற்கு முன்பே ஆள் சோர்ந்துவிடுவார். மாதவிலக்கில் அதிகம் போகிறது என்றால் அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள், இந்த வயதில் பெரும்பாலும் காரணம் அதுதான். இன்னொன்று, காய்ச்சலும் கிருமியும் இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். கொஞ்சம் தேறிய பிறகு எடுங்கள்.

வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம். வெள்ளைக்காரர்களுக்கு இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் போதும் என்கிறார்கள். நம் தோல் நிறத்துக்கு வருடம் முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது அரசு. அதற்காகப் பெரிய டோஸ் வாங்கி விழுங்காதீர்கள்.

கடையில் வாரத்துக்கு ஒருவராவது செய்வதைப் பார்க்கிறேன்: லெம்சிப் என்ற சளிப் பவுடரைக் கரைத்துக் குடித்துவிட்டு, கூடவே இரண்டு பாராசிட்டமால். லெம்சிப்பில் இருப்பதே பாராசிட்டமால்தான். பெரியவர்களுக்கு 24 மணிநேரத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அதுதான் எல்லை. எல்லாவற்றையும் கூட்டித்தான் எட்டு.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி கடைசியிலிருந்து ஃபார்மசி ஃபர்ஸ்ட் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தொண்டைப் புண், சைனஸ், பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று போன்ற ஏழு விஷயங்களுக்கு நாங்களே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக்கும் தரலாம். ஜீபி அப்பாயின்ட்மென்டுக்காக ஒரு லெக்சரை விட வேண்டியதில்லை. வெறும் சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு மட்டும் வராதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது.

இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினாலோ, எடை குறைந்தாலோ, இரவில் உடை நனைய வியர்த்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ கடைக்கு வராமல் நேரே ஜீபியிடம் போங்கள். நம் நாடுகளில் பிறந்தவர்களுக்குக் காசநோய்க் கிருமி பல வருடம் உள்ளே தூங்கிக் கிடந்து எழும்பலாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஃப்ரெஷர்ஸ் ஃப்ளூ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் மூடிவைக்க வேண்டாம், அதுதான்.

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, இரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டேன். இருமல் தொடர்ச்சியாக மூன்று கிழமை இல்லை, நடுவில் விட்டு விட்டுத்தான்.

உண்மையில் எனக்கு வருத்தத்தை விடப் பெரிய தலையிடி, கம்பஸில் சொல்வதுதான். இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு குரூப் வேலையின்போது நான் இருமியதைப் பார்த்து ஒரு விரிவுரையாளர், நர்சிங்குக்கு நல்ல உடல் தெம்பு வேண்டும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சின்னப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இனிப் போய் எனக்கு அடிக்கடி வருத்தம் என்று எழுதிக் கொடுத்தால், வயது போனவள், தகுதி இல்லை என்று ஃபைலில் ஏறிவிடாதா? டிசம்பரில் ஒரு கட்டுரை வேறு கொடுக்க வேண்டும். ஒரு வரியும் எழுதவில்லை.

ஓய்வில் ஒரு வாத்தியார் எழுதியது:

பிள்ளை, நான் இந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மாணவர்களின் நலனைக் கவனிக்கிற பர்சனல் டியூட்டராகவும் பல காலம் இருந்தேன். மேசையின் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன், கேளும்.

அந்த விரிவுரையாளர் சொன்னதைத் தூக்கிக் குப்பையில் போடும். உடல் தகுதியைப் பார்த்துச் சொல்வது ஆக்குப்பேஷனல் ஹெல்த், அவர் இல்லை.

படிப்பை விட்டுப்போன வயது வந்த மாணவர்களில் நான் அதிகம் கண்டது ஒரே மாதிரியான கதை. பதினெட்டு வயதுப் பிள்ளை தலையிடிக்கும் மின்னஞ்சல் அனுப்பும், தவணை நீட்டிப்புக் கேட்கும், வாங்கும். நாற்பது வயதுக்காரர் நிமோனியாவோடு வந்து முன் வரிசையில் இருப்பார். ஒரு சொல் சொல்லமாட்டார். பிறகு ஒரு நாள் வரமாட்டார். நாங்கள் ஃபைலைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாத ஃபைலை வைத்துக்கொண்டு எந்த போர்டிலும் அவருக்காகப் பேச முடியாது. நீர் பயப்படுகிற அந்த ஃபைல்தான் உமக்கு உதவி.

ஆகவே இன்றைக்கே டியூட்டருக்கு எழுதும். நீளமாக வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். செப்டம்பரிலிருந்து திரும்பத் திரும்பத் தொற்று வருகிறது, ஜீபி பரிசோதனை செய்கிறார், டிசம்பர் கட்டுரைக்கு நீட்டிப்புக் கேட்க விரும்புகிறேன், சந்திக்க நேரம் தாருங்கள். நாலு வரி. இனி வருத்தம் வருகிற ஒவ்வொரு முறையும் அதே நாளில் ஒரு வரி அனுப்பும். ஆறு கிழமை கழித்து எழுதுகிற பத்துப் பக்கக் கடிதத்தை விட அன்றைக்கே வந்த ஒற்றை வரியைத்தான் நாங்கள் நம்புவோம்.

குறுகிய நீட்டிப்புக்குப் பல இடங்களில் நீரே எழுதிக் கையெழுத்திட்டால் போதும், டாக்டர் கடிதம் கேட்பதில்லை. உம் கம்பஸ் விதியைப் பாரும். வருத்தம் போன்ற காரணங்களுக்குச் சலுகை தரும் பகுதி எக்ஸ்டெனுவேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ் என்றோ மிட்டிகேட்டிங் என்றோ இருக்கும். அதில் ‘ஃபிட் டு சிட்’ என்று இருக்கிறதா என்று முக்கியமாகப் பாரும். இருந்தால், நீர் பரீட்சை எழுதினாலே உடம்பு சரியாக இருந்தது என்று அறிவித்த மாதிரி. எழுதி ஃபெயிலான பிறகு காய்ச்சலாக இருந்தது என்று சொன்னால் எடுபடாது. முடியாவிட்டால் எழுத முன்னமே சொல்ல வேண்டும். நல்ல மாணவர்கள் எத்தனையோ பேர் இதில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். தெம்பைக் கூட்டிக்கொண்டு போய் எழுதி, அதனாலேயே மாட்டுப்படுவார்கள்.

பிளேஸ்மென்ட் பயத்தில் விட்டுவிடலாமா என்று எழுதியிருந்தீர். விடுவது வேறு, இடைநிறுத்துவது வேறு. ஒரு வருடம் நிறுத்தி அடுத்த செப்டம்பரில் தொடரலாம். ஆனால் காசுக் கணக்கைப் பார்த்துச் செய்ய வேண்டும். இங்கிலாந்தில் கல்விக் கட்டணக் கடன் முதல் டேர்முக்கு 25 சதவீதம், இரண்டாவதுக்கு 25, மூன்றாவது தொடங்கியதும் மிச்சம் 50 என்று ஏறும். மூன்றாவது டேர்ம் தொடங்கி ஒரு கிழமையில் நின்றாலும் முழுக் கட்டணமும் உம் தலையில்தான். வருத்தத்தால் நிறுத்தினால் வாழ்க்கைச் செலவுக் கடனை 60 நாள்வரை தொடர்ந்து கொடுக்க, கடன் தருகிற ஸ்டூடன்ட் ஃபைனான்ஸுக்கு இடம் இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு உடனே தெரிவித்திருக்க வேண்டும்.

பரிசோதனையில் ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்கிற நோய் ஏதாவது வந்தால், ஆஸ்துமா மாதிரி, டிசபிலிட்டி அலுவலகத்துக்கும் போம். அந்தச் சொல் நம் ஆட்களுக்குக் கசக்கும், தெரியும். 2010 சமத்துவச் சட்டப்படி உதவி கேட்பது உம் உரிமை. கிடைக்கிற உதவித்தொகை கடனும் இல்லை.

சாரல் எழுதியது:

சார் சொன்னதோடு இன்னொன்று. கரையோரம், நீங்கள் தூங்குவது எத்தனை மணிநேரம்? 2015இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. 164 பேர் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று கையில் கருவி கட்டி அளந்துவிட்டு, மூக்கில் ரைனோவைரஸ் விட்டார்கள். ஆறு மணிநேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணிநேரத்துக்கு மேல் தூங்கியவர்களைப் போல நாலு மடங்குக்கு மேல்.

கரையோரம் எழுதியது:

சிரிப்புத்தான் வருகிறது அக்கா. பிள்ளைகள் படுத்த பிறகு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு மணி ஆகும். மனுசன் காலை ஆறரைக்கு வருவார். அதற்குள் நான் இரண்டு லஞ்ச் பாக்ஸும் கட்டி, மத்தியானக் கறியையும் இறக்கி, வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பேன். அவர் உள்ளே வர நான் வெளியே. கார்ச் சாவியைக் கையில் வாங்கும்போதுதான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. சனி ஞாயிறு கடையில் எனக்கு ஷிஃப்ட். ஏழு மணிநேரத்தை எங்கே தேடுவது?

மூன்றாம்வருடம் எழுதியது:

அக்கா, அந்தக் கடை ஷிஃப்டைத் தொடவேண்டும். வேறு இடத்தில் நேரம் இல்லை.

என்ஹெச்எஸ் லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட் என்ற உதவித்தொகைக்குப் போட்டீர்களா? நர்சிங் மாணவருக்கு வருடம் 5,000 பவுண்ட், திருப்பிக் கட்டத் தேவையில்லை. பிள்ளைகள் இருந்தால் மேலும் 2,000. தானாக வராது, நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும். என் வகுப்பில் ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் வந்ததும் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்து இதைப் போடாமல் விட்டவர்கள் உண்டு. பள்ளி முடிந்த பிறகான கிளப் மாதிரி, ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பில் பதிவு உள்ள இடத்தில் பிள்ளைகளை விட்டால், வருமானத்தைப் பொறுத்து அந்தச் செலவில் 85 சதவீதம்வரை சைல்ட்கேர் கிராண்டில் எடுக்கலாம். அது வேறு கணக்கு.

காசு கைக்கு வந்தால் ஞாயிறு ஷிஃப்டை விடுங்கள். அந்த நாளில் படியுங்கள், கிழமை நாளில் பதினொரு மணிக்கு லைட்டை அணையுங்கள். லெக்சர் ரெக்கார்டிங்தான் இருக்கிறதே என்று வகுப்பை விட்டு வீட்டில் தூங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மற்றக் கோர்ஸுக்குச் சரி. நமக்கு வகுப்பு மணிநேரமும் கணக்கில் வருவதால் அட்டெண்டன்ஸ் பார்ப்பார்கள், கவனம்.

வடைக்கடை எழுதியது:

ட்ரெயினில் மாஸ்க் போடுகிறீர்களா? மெட்ரோபாலிட்டன் லைனில் காலையில் பக்கத்து ஆளின் மூச்சு நம் காதில் படுகிறது.

கரையோரம் எழுதியது:

போடத் தொடங்கிவிட்டேன். ஒருவரும் பார்ப்பதில்லை.

கரையோரம் எழுதியது:

ஜனவரி வந்துவிட்டது, கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். டியூட்டருக்கு நாலு வரிதான் எழுதினேன் சேர். அன்று பின்னேரமே பதில் வந்தது. கட்டுரைக்கு இரண்டு கிழமை நீட்டிப்புத் தந்தார்கள், கொடுத்துவிட்டேன். பிளேஸ்மென்டும் வீட்டுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தந்தார்கள். அப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது, அவர்தான் கேட்கச் சொன்னார்.

இரத்தத்தில் தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரி. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, ஃபெரிட்டின் வெறும் 9. மாதவிலக்குக்காக ஸ்கான் செய்ய எழுதியிருக்கிறார்கள். நாளுக்கு ஒரு இரும்பு மாத்திரை. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கக்கூடாது என்றார் நேர்ஸ். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

தடிமன் நின்றுவிடவில்லை, போன கிழமையும் வந்தது. ஐந்து நாளில் போய்விட்டது. ஞாயிறு ஷிஃப்டை விட்டாச்சு, ஃபண்டுக்கும் போட்டாச்சு.

அண்ணாச்சி, ஒரு கேள்வி. மாத்திரைக்கு ஒவ்வொரு முறையும் 9.90 பவுண்ட் கட்டுகிறேன். மாணவர் என்றால் இலவசம் இல்லையா?

பார்மசி அண்ணாச்சி எழுதியது:

19 வயதோடு அந்தச் சலுகை முடிந்தது தங்கச்சி. வேல்ஸ், ஸ்காட்லாந்து என்றால் எல்லோருக்கும் இலவசம், இங்கிலாந்தில் இல்லை. வருமானம் குறைவு என்றால் ஹெச்சி1 படிவம் போடுங்கள், மாணவர்களும் போடலாம், கிடைத்தால் பல், கண் செலவுக்கும் உதவும். அது வரும்வரை கட்டிய காசுக்கு எஃப்பி57 என்ற ரசீதை மருந்து வாங்கும்போதே கேட்டு வாங்கி வைத்தால் பிறகு திரும்பப் பெறலாம், அப்புறம் கேட்டால் தரமாட்டார்கள். ஹெச்சி1 கிடைக்கவில்லை, வருடத்தில் 12 மருந்தோ அதற்கு மேலோ வாங்குகிறீர்கள் என்றால், 114.50க்கு வருட முன்பணச் சீட்டு எடுத்தால் லாபம். இரும்பு மாத்திரை மட்டும்தான் என்றால் எதுவும் வேண்டாம். ஃபெரஸ் சல்பேட் கடையிலேயே பார்மசிஸ்டிடம் கேட்டு வாங்கலாம், 9.90ஐ விட மலிவு. ஜீபி சொன்ன அதே டோஸா என்று மட்டும் பெட்டியைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், சிறு பிள்ளைக்கு இரும்பு மாத்திரை விஷம்.